வாசற்படியில் இரண்டு ஞாயிறு

கல்கத்தாவுக்குப் போகிறேன் என்றதும் தூத்துக்குடியில் ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். கங்கையில் முழுக்குப் போடாமல் திரும்பாதே என்றார் முதலாளி. மின்சாரத்தில் ஓடுகிற டிராம் வண்டியில் ஏறிப் பார்த்துவிட்டு வந்து சொல் என்றார் கணக்கப்பிள்ளை. என் அண்ணன் மட்டும், "அங்கே தயிர் கிடைக்குமான்னு யாரையாவது கேட்டியாடே?" என்றான். என்னைவிட இரண்டே வயது மூத்தவன். தயிர்ச்சோறு இல்லாமல் எனக்குச் சாப்பாடு முடியாது என்பது அவனுக்குத் தெரியும். கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான் என்று போய்ச் சேர்ந்த அன்றே தெரிந்துவிட்டது.

போன காரியம் சாக்கு. உப்பு மூட்டை கட்ட எங்கள் மண்டிக்கு வேண்டிய சணல் சாக்குகள் கல்கத்தாவிலிருந்துதான் வரும். கடைசியாக வந்த சரக்கில் பாதி, உப்பைக் கொட்டியதும் அடி பிய்ந்து போயிற்று. ஆள் ஒருவன் நேரில் போய், பார்த்துப் பொறுக்கி, கப்பலில் ஏற்றிவிட்டு வரட்டும் என்று முதலாளி தீர்மானித்தார். மண்டியில் இங்கிலீஷ் பேசத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்தப் பெருமையில் தலையை ஆட்டிவிட்டேன்.

ஹவுராவில் இறங்கினால் ஊர் எதிர்க்கரையில் இருக்கிறது. நடுவில் மிதக்கும் பாலம். நான் போன நேரம் பார்த்துக் கப்பலுக்கு வழிவிடப் பாலத்தின் நடுப்பகுதியை விலக்கிவிட்டிருந்தார்கள். கரையில் திருவிழாக் கூட்டம். எல்லாரும் எல்லாரோடும் பேசிக்கொண்டிருந்தார்கள், நான் என் டிரங்குப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு மீன்காரி தன் கூடையை இறக்கிப் பெட்டியின் மேல் வைத்தாள். சைவப் பிள்ளை வீட்டுப் பெட்டி அது. எடு என்று நான் தமிழில் சொன்னேன். அவள் வங்காளியில் ஏதோ பதில் சொல்லிச் சிரித்தாள். மீன் தண்ணீர் பூட்டுக்குள் இறங்கியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சாக்குத் தரகர் எனக்குப் பவானிபூரில் ஒரு மெஸ்ஸில் இடம் பிடித்துத் தந்திருந்தார். ஆபீஸ் குமாஸ்தாக்கள் சேர்ந்து ஒரு வீட்டை எடுத்து, சமையல்காரரை வைத்து நடத்துவது. என் அறையில் ஹரிபாபு என்று ஒருவர். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவார், ஆனால் காலையில் போனால் இருட்டின பிறகுதான் வருவார். மீன் சாப்பிட மாட்டேன் என்று நான் சொன்னதைச் சமையல்காரர் நம்பவே இல்லை. "உடம்பு சரியில்லையா?" என்று ஹரிபாபுவை விட்டுக் கேட்டார். இல்லை, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்றேன். அவர் உள்ளே போய்ச் சொன்னதற்கு மெஸ் முழுவதும் சிரித்தது. ஹரிபாபு தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தார்: "மதராஸ் பாபு விதவைச் சாப்பாடு சாப்பிடுகிறாராம்." அந்த ஊரில் மீனை விட்டவர்கள் விதவைகள் மட்டுந்தான்.

பருப்பில் சர்க்கரை, கத்திரிக்காயில் கடுகெண்ணெய் வாடை. சரி, கடைசியில் தயிர் இருக்கிறதே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். மண்சட்டியில் வந்தது. கெட்டியாக, கொஞ்சம் சிவந்து, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. சோற்றில் போட்டு, உப்புப் போட்டுப் பிசைந்து ஒரு வாய் வைத்தேன். பாயசம்போல் இனிப்பு. எதிரில் இருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டு என் இலையையே பார்த்தார்கள். மிட்டாயில் உப்பைப் போட்டுச் சோற்றோடு பிசைபவனை அவர்கள் முன்னே பின்னே பார்த்திருக்க மாட்டார்கள். விழுங்கி வைத்தேன். இதை அண்ணனிடம் சொன்னால் எப்படிச் சிரிப்பான் என்று நினைத்துக்கொண்டு விழுங்கினேன். கடிதத்தில் எழுதி வீணாக்கக் கூடாது, நேரில் சொல்ல வேண்டிய கதை என்று எடுத்து வைத்தேன்.

மழைக்காலம். ஆலையிலிருந்து சாக்கு வரத் தாமதமாயிற்று. வந்த நாட்களில் கிடங்குக்குப் போய்ப் பிரித்து எண்ணுவேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று உரக்க எண்ணுவேன். கல்கத்தாவில் என் தமிழைக் கேட்டவை அந்தச் சாக்குகள்தான். வராத நாட்களில் மொட்டை மாடியில் ஈரத்துணிகளுக்கு நடுவே உலாவுவேன். இத்தனை ஜனம் இருக்கிற ஊரில் ஒருவனுக்கு வாய் திறக்க வழியில்லாமல் போகும் என்று ஊரில் யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். ஒரு நாள் கங்கைக்கரைக் கோயில் ஒன்றுக்குப் போனேன். என்ன ஊர், என்ன கோத்திரம், எத்தனை ரூபாய்க்குப் பூஜை என்று மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தார்கள். சாமியைப் பார்த்தேனா என்பதே நினைவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கப்பிள்ளைக்காக டிராம் ஏறினேன். மைதானத்தைப் பார்க்கலாம் என்று ஏறியது, ஏறின பிறகு பார்த்தால் வேறு பக்கம் ஓடுகிறது. கண்டக்டரிடம் கேட்டேன், அவர் கையை முன்னாலும் பின்னாலும் காட்டினார். பயந்துபோய் வண்டி நிற்பதற்கு முன் இறங்கினேன். அதுவும் வண்டி போகிற பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு. சேற்றில் உட்கார்ந்துதான் எழுந்தேன். வேட்டியைப் பிழிந்துகொண்டு ஒரு சந்தில் ஒதுங்கியபோது பாட்டு கேட்டது.

தமிழ்ப் பாட்டு. யேசுவைப் பற்றிய கீர்த்தனை, ஆனால் மெட்டு எங்கள் ஊர் பஜனைகளில் கேட்ட மெட்டு. சந்தின் கோடியில் ஒரு சின்ன மாதாக்கோயில். என்னை யாரும் கூப்பிடவில்லை, கால் தானாகப் போயிற்று. செருப்பைக் கழற்றிவிட்டு, சேற்று வேட்டியோடும் நெற்றி நிறையத் திருநீற்றோடும் உள்ளே நுழைந்தேன்.

முப்பது பேர் இருப்பார்கள். துரைமார் வீட்டுச் சமையல்காரர்கள், பட்லர்கள், பிள்ளை வளர்க்கிற ஆயாமார். எசமானர்கள் தங்கள் பெரிய கோயிலுக்குப் போயிருக்கும் நேரத்தில் இவர்கள் இங்கே கூடுகிறார்கள், மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பி ஓட வேண்டும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். கழுத்துப் பட்டை வைத்த வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பட்லர் நகர்ந்து இடம் கொடுத்துத் தன் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி பிடித்தார். நான் பாடவில்லை. ஆனால் எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'ழ'வையும் 'ற'வையும் பார்த்து எத்தனை நாளாயிற்று. பிரசங்கம் என்ன என்று கேட்டால் சொல்லத் தெரியாது. பசித்தவன் இலையில் விழுந்ததைச் சாப்பிடுவதுபோல வார்த்தைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

போதகர் ஐம்பது வயதுக்காரர், ஒல்லி, கணீரென்ற குரல். பிரசங்கம் முடிந்ததும் நிறுத்தி, என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்துச் சொன்னார்: "நற்கருணை ஆராதனை தொடங்கப் போகிறது. ஞானஸ்நானம் பெறாதவர்கள் வெளியே போகலாம்."

பன்மையில்தான் சொன்னார். அங்கே அப்படிப்பட்டவன் நான் ஒருவன்தான். முப்பது தலையும் திரும்பாமல் இருக்கப் பாடுபட்டது தெரிந்தது. எழுந்து போனேன். எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார்கள்.

படியில் உட்கார்ந்தேன். சாத்திய கதவின் வழியாகத் தமிழ் முணுமுணுப்பாகத்தான் வந்தது, வார்த்தை பிடிபடவில்லை. அவமானத்தில் காது சுட்டது. எழுந்து போய்விடலாம் என்றால் போக இடமில்லை. கொஞ்சம் ஆறின பிறகு வேறொன்று உறைத்தது. உள்ளே இருக்கிற இந்த ஜனங்களில் பாதிப் பேரை எங்கள் ஊர்க் கோயிலில் கோபுரத்துக்கு எத்தனை தூரத்தில் நிறுத்துவோம்? படி வரைக்கும் விடுவோமா? கோபப்பட எனக்கு வாயில்லை. ஆனாலும் கோபம் இருந்தது.

முடிந்து வெளியே வந்தவர்களில் முதலில் என்னிடம் வந்தது ஒரு ஆயா. வெள்ளைச் சேலை, நரை ஓடின தலை, நடையில் அவசரம். "ஐயா எந்த ஊருக்காரவுக?" என்றாள். அந்த ஒரு கேள்வியிலேயே அவள் திருநெல்வேலிச் சீமை என்று தெரிந்துவிட்டது. சொன்னேன். தன் ஊர் ஆற்றுக்கு அக்கரையில்தான் என்றாள். பெயர் பாக்கியம். துரை வீட்டோடு வந்து இருபது வருஷத்துக்கு மேலாகிறதாம்.

அதற்குள் போதகர் வந்துவிட்டார். "பிள்ளைவாள், வருத்தப்படக் கூடாது. இது சபை ஒழுங்கு" என்றார்.

"என்ன ஒழுங்கு ஐயா?" என்றாள் பாக்கியம். "வீட்டுக்கு வந்த மனுசரை இலை போடுத நேரத்துல எழுப்பி வெளியே அனுப்புவாகளா?"

"இது சாப்பாடு இல்லை, பாக்கியம்."

"அவுகளுக்குக் குடுங்கன்னா சொல்லுதேன்? குடுக்க வேண்டாம். ஓரமா உக்காந்து இருந்துட்டுப் போகட்டுமே. கதவை எதுக்குச் சாத்தணும்?"

போதகர் என்னிடம் திரும்பினார். முன்பு ஒரு தடவை வேடிக்கை பார்க்க வந்த இரண்டு பேர் நற்கருணையில் கொடுக்கிற அப்பத்தைக் கையில் வாங்கிக்கொண்டு போய் வாசலில் எறிந்துவிட்டுச் சிரித்தார்களாம். பட்லர்கள் அழுதார்களாம். அதிலிருந்து கதவைச் சாத்துகிறோம் என்றார். சொல்லும்போது அவர் குரலின் கணீர் குறைந்திருந்தது. அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

ஆனால் மனிதர் அதோடு விட்டிருக்கலாம். எப்போது ஞானஸ்நானம் பெறுவதாக உத்தேசம் என்று கேட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி, என் இருண்ட உள்ளத்தில் ஒளி வீச வேண்டும் என்று என் முன்னாலேயே ஜெபம் செய்தார். விடைகொடுப்பதற்கு மட்டும் ஒரு பிரசங்க நேரம் பிடித்தது. "போய் வாருங்கள், கர்த்தர் உம்மைக் காப்பாராக" என்பார், நான் நகர்வேன், மறுபடி வந்து "போய் வாருங்கள்" என்பார். சந்து முனைவரை வந்து ஒரு தடவை சொன்னார். நான் வந்தது தமிழ் கேட்க என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பாக்கியம் பின்னாலிருந்து, "அடுத்த ஞாயிறு வாங்க ஐயா, நாஞ் சொல்லி வைக்கேன்" என்றாள்.

அடுத்த ஞாயிறு போவேன் என்று திங்கள் முதலே எனக்குத் தெரியும். நடுவில் வெள்ளிக்கிழமை வந்தது.

தரகர் ஆபீசுக்குத் தந்தி வந்திருந்தது. தரகரே படித்துவிட்டு எழுந்து நின்று கொடுத்தார். இங்கிலீஷில் மூன்று வரி. காலராவில் சகோதரன் இறந்தான். தகனம் முடிந்தது. வேலையை முடித்துப் பதினாறாம் நாளுக்கு வந்து சேர்.

தரகர் மிகவும் வருந்துவதாக இங்கிலீஷில் சொன்னார். நான் நன்றி என்று இங்கிலீஷில் சொன்னேன். பதில் தந்தியும் இங்கிலீஷில்தான் எழுதிக் கொடுத்தேன். கங்கையில் போய் முழுகினேன். முதலாளி சொன்ன முழுக்கு இப்படித்தான் நடந்தது. ஹரிபாபு அன்று சீக்கிரம் வந்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்தார், சமையல்காரரிடம் எனக்குத் தனியாகச் சமைக்கச் சொன்னார், இளநீர் வாங்கி வந்தார். அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். என்ன வயது, பிள்ளைகள் உண்டா, என்ன வேலை. யாரோ ஒருவனுடைய அண்ணனைப் பற்றிச் சொல்வதுபோல வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அழுகை வரவில்லை. தமிழில் ஒருவரிடமாவது சொன்னால்தான் அவன் செத்தது நிஜமாகும் என்று ஒரு பைத்தியக்கார எண்ணம். மாடியில் போய்த் தனியாகச் சொல்லிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

சனிக்கிழமை சாக்குகள் கப்பலேறின. எண்ணினேன். எண்ணிக்கை தப்பித் தப்பித் திரும்ப எண்ணினேன். ஞாயிறு சாயங்காலம் எனக்கு ரயில்.

ஞாயிறு காலை அந்தச் சந்துக்குப் போனேன். எங்கள் வீட்டு வழக்கப்படி துக்கத் தீட்டில் திருநீறு பூசுவதில்லை. முகத்தில் சவரமில்லை. தீட்டோடு எந்தச் சாமி வாசலையும் மிதிக்கக் கூடாது என்று வளர்ந்தவன், படிக்குக் கீழே சந்திலேயே நின்றேன். அங்கிருந்து உள்ளே தெரிந்தது. தூண் ஓரமாக ஒரு பிரம்பு நாற்காலி போட்டு, துரை வீட்டுத் திண்டு ஒன்றும் வைத்திருந்தார்கள். அது எனக்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மற்றவர்களுக்கெல்லாம் பெஞ்சு.

போதகர் என்னைப் பார்த்தார். என் நெற்றியைப் பார்த்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு படியிறங்கி வந்தார். "ஸ்தோத்திரம், பிள்ளைவாள். ஒரே வாரத்தில் சாம்பலை விட்டுவிட்டீர்களே. உள்ளே வாருங்கள். இனி உங்களை யாரும் எழுப்ப மாட்டார்கள்."

 அவர் சந்தோஷத்தைப் பார்த்தால் கோபங்கூட வரவில்லை. இரண்டடி பின்வாங்கினேன், அவ்வளவுதான். அவருக்கு அது வேறு மாதிரிப் பட்டுவிட்டது. "இன்னுமா கூச்சம்? எங்களோடு உட்கார்ந்தால் ஜாதி போய்விடுமோ?" என்றார். குரலில் வலி இருந்தது.

அவருக்குப் பின்னால் பாக்கியம் வாசலுக்கு வந்தாள். அவளும் என் நெற்றியைத்தான் பார்த்தாள். வந்த வேகத்தில் அப்படியே நின்றாள்.

"யாரு தம்பி?" என்றாள்.

போன வாரம் ஐயா. இந்த வாரம் தம்பி.

"அண்ணன்" என்றேன். "அண்ணன் செத்துப்போயிட்டான்."

சொன்ன பிறகுதான் அவன் செத்தான். நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் பார்க்க நடுச்சந்தில் அழுதேன். போதகர் நீட்டின கையோடு நின்றார்.

பிறகு அவர் மெல்ல, "உள்ளே வந்து உட்காருங்கள், பிள்ளைவாள். எங்களுக்குத் தீட்டு கிடையாது" என்றார்.

"உங்களுக்கு இல்லை ஐயா. எனக்கு உண்டு" என்றேன்.

அவர் பதில் சொல்லத் தயாரானவர்போல வாயைத் திறந்தார். வாதம் செய்ய அவருக்கு வசனங்கள் நிறையத் தெரியும். திரும்பி உள்ளே போனார். பட்லரிடம் ஏதோ சொன்னார். பட்லர் வந்து கதவின் இரண்டு பக்கத்தையும் சுவர்வரை திறந்து, ஆடாமல் இருக்கப் பக்கத்துக்கொரு செங்கல்லை முட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்.

பாக்கியம் படியில் உட்கார்ந்தாள். "சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அண்ணனுக்குத் தறுதலைத்தனம் உண்டு, கடன் கேட்டால் இல்லையென்று சொல்லத் தெரியாது, அவன் பெண்ணுக்கு இந்தத் தையில் கல்யாணம் பேசியிருந்தது, எல்லாம் முன்னுக்குப் பின்னாகச் சொன்னேன். தயிர்க் கதையையும் அவளிடம்தான் சொன்னேன். உப்புப் போட்டுப் பிசைந்தேன் என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் வந்தது. "அவன்கிட்ட சொல்லணும்னு வச்சிருந்தேன்" என்றேன். 

உள்ளே ஆராதனை நடந்துகொண்டிருந்தது. பிரசங்கம் அன்று சின்னதுதான். முடிந்ததும் போதகர் நிறுத்தினார். போன வாரம் கூரையைப் பார்த்துச் சொன்னதைச் சொல்லப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் வாசலைப் பார்த்தார், பிறகு நேராக நற்கருணைக்குப் போய்விட்டார். பாக்கியம் எழுந்து உள்ளே போய் மண்டியிட்டு வாங்கிக்கொண்டு, திரும்பி வந்து அதே படியில் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது. என் சாமியில்லை, என் ஜெபமில்லை. ஆனால் அந்த நேரத்தில் அந்தத் திறந்த கதவைவிட வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. சபைகள் வெளியாரை எப்படி நடத்த வேண்டும் என்று யாராவது என்னைக் கேட்டால் அந்த இரண்டு செங்கற்களைத்தான் சொல்வேன். எங்கள் கோயில்காரர்கள் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

முடிந்ததும் ஓட வேண்டியவர்கள் அவர்கள். எசமான் வீட்டில் மேஜைக்கு நேரமாகியிருக்கும். யாரும் ஓடவில்லை. பாக்கியம் ஒரு வார்த்தைதான் சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, "துட்டி" என்று. துக்கம் கேட்பதை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வது. ஆண்கள் வரிசையாகப் படியிறங்கி வந்தார்கள். எங்கள் ஊரில் செய்கிறபடி, பேசாமல் இரண்டு கையையும் நீட்டினார்கள். ஊரில் இந்தக் கைகளை நான் தொட்டிருக்க மாட்டேன், அவர்களும் நீட்டியிருக்க மாட்டார்கள். ஒவ்வொரு கையாகத் தொட்டு வாங்கினேன். மசாலா வாசனை அடித்த கைகள், சோப்பில் வெளுத்த கைகள். பெண்கள் சற்றுத் தள்ளி நின்று மூக்கைச் சிந்தினார்கள். பெயர்கூடத் தெரியாத என் அண்ணனுக்காக.

பிறகு போனார்கள். துட்டி வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லிக்கொள்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. அங்கே திரும்பி வருவதற்கு இன்னொரு சாவு வேண்டியிருக்குமே. எழுந்து பேசாமல் போய்விட வேண்டும். கடல் தாண்டின நாடுபோல இருக்கிற இந்த ஊரில், வேறு சாமியைக் கும்பிட்டுக்கொண்டு, இருபது வருஷம் துரை வீட்டில் இருந்தவர்கள் அதை மறக்கவில்லை. ஒவ்வொருவராக முகத்தைத் திருப்பிக்கொண்டு சந்தில் நடந்தார்கள். பாக்கியமும் எழுந்தாள், என் தோளுக்கு நேராக ஒரு நிமிஷம் நின்றாள், போய்விட்டாள்.

கடைசியாகப் போதகர் வந்தார். அங்கியைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். என் கையைப் பிடித்தார். கண்ணை மூடவில்லை, ஜெபம் செய்யவில்லை. உதடு அசைந்தது. "போய் வாருங்கள்" என்பது அவருக்கு எத்தனை பழக்கமான வார்த்தை என்று எனக்குத் தெரியும். அது வாய்வரை வந்து நின்றதும் தெரிந்தது.

கையை விட்டார். சந்து முனைவரை ஒரு தடவையும் திரும்பிப் பார்க்காமல், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போனார்.